பையை நிரப்புவது யார் வேலை?

பேரங்காடியின் தட்டுகளுக்கிடையே உலாவும் வரையில் வாடிக்கையாளர் ஓர் அரசர். எதையும் எடுக்கலாம், எதையும் திருப்பி வைக்கலாம், கேட்பார் இல்லை. காசு செலுத்தும் மேசைக்கு வந்ததும் அந்த அரசர் முறைப்பாட்டுக்காரர் ஆகிவிடுகிறார். முட்டையின்மேல் மீன்பேணியை வைத்துவிட்டார்கள், பாணை நசுக்கிவிட்டார்கள், சீனியோடு சவர்க்காரத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள், இரண்டு பைகளுக்குரிய பாரத்தை ஒரே பையில் திணித்துவிட்டார்கள், போதாததற்குப் பைக்குப் பணமும் கேட்கிறார்கள். மேசைக்கு மறுபுறம் நிற்கும் ஊழியரிடமும் ஒரு முறைப்பாட்டுப் பட்டியல் உண்டு. பொருள்கள் அனைத்தும் கணக்கிடப்பட்ட பிறகே சிலர் பணப்பையைத் தேடத் தொடங்குகின்றனர். கைத்தொலைபேசியிற் பேசியபடியே கையை மட்டும் நீட்டுகின்றனர். குவிந்து கிடக்கும் பொருள்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். பின்னால் நிற்கும் வரிசையோ இருவரையும் சபிக்கிறது.

இவை சில்லறைச் சச்சரவுகள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு சமுதாயத்தின் உழைப்புப் பங்கீட்டை அறிய ஆலை வாசலுக்கு மட்டுமே போகவேண்டும் என்பதில்லை. கடை வாசலிலும் அது தெரியும். பொருளை நிறுப்பது, பொதிவது, அடுக்குவது, சுமப்பது ஆகிய வேலைகள் எக்காலத்தில் எவர் தலையில் விழுந்தன? அந்த வேலை கைமாறியபோதெல்லாம் மிச்சமான கூலி எவர் பெட்டிக்குச் சென்றது? இக்கேள்விகளை எழுப்பினால், முட்டை உடைந்ததற்காக நாம் யார்மீது சினங்கொள்ள வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் பழைய பலசரக்குக் கடையைப் பார்ப்போம். கண்டக்குழி போன்ற கற்பிட்டிக் கரையோர ஊர்களில் கடைக்குப் போகிறவர் கையிற் பனையோலை உமலோ பன்பையோ இருக்கும். பருப்பையும் மிளகாயையும் கடைக்காரரே நிறுத்து, பழைய பத்திரிகைத் தாளிற் சரை சுருட்டி, நூலாற் கட்டிக் கொடுப்பார். எண்ணெய்க்குப் போத்தல் வீட்டிலிருந்தே வரும். பொதி கட்டுவது கடைக்காரரின் வேலை. பை கொண்டுவருவது வாங்குபவரின் வேலை. இதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்றாற் கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையிற் கிடக்கும் மாதங்களில் காசும் கைமாறாது. கடன் கொப்பியில் ஒரு வரி ஏறும்.

அக்காலத்தைப் பொற்காலமாகத் தீட்டிவிடக் கூடாது. அதே கடன் கொப்பிதான் மீனவனின் அடுத்த பருவத்து உழைப்பை முன்கூட்டியே விழுங்கியது. தராசுத் தட்டை விரலால் அழுத்தும் கலையும் அங்கேதான் வளர்ந்தது. சரை சுருட்டிய கைகளோ பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கவேண்டிய சிறுவரின் கைகள். கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, கூலி என்ற சொல்லையே அறியாது வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். சாதியின் கோடும் கடை வாசலிற் கிழிக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்கே 1966இன் பின்னர் ஒடுக்கப்பட்ட மக்கள் அணிதிரண்டு போராட வேண்டியிருந்தது. யாரும் உள்ளே வந்து, தானே கைநீட்டிப் பொருளை எடுக்கலாம் என்ற நிலை இத்தகைய மக்களுக்கு ஒரு விடுதலையாகவும் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

கடையின் நவீன வரலாற்றில் 1844 குறிப்பிடத்தக்க ஆண்டு. அவ்வாண்டு டிசெம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து தமக்கென ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் மெழுகுதிரியுமே அதன் தொடக்கச் சரக்கு. கலப்படமற்ற பொருள், குறையாத நிறை, இலாபம் வாங்குபவருக்கே பங்கு என்பன அதன் கொள்கைகள். அதே 1844இற்றான் இலங்கையிற் கார்கில்ஸ் என்ற பிரித்தானிய வணிக நிறுவனமும் தோன்றியது. ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விரண்டும் கடை என்னும் நிறுவனம் செல்லக்கூடிய இரு வழிகளைக் காட்டின. ஒன்றில் வாங்குபவரே உரிமையாளர். மற்றதில் வாங்குபவர் விருந்தாளி போல் உபசரிக்கப்படுவார், உபசாரச் செலவும் விலையிற் சேரும்.

கூட்டுறவு வழி நம்மவரிடமும் வேர்விட்டது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவு. இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 முதல், அரிசிப் பங்கீட்டோடு நுகர்வோர் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் பெருகின. 1957இற் பிலிப் குணவர்தனா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடக்கிவைத்தார். மக்கள் நாவிற் ‘சங்கக்கடை’ என்று நிலைத்த அந்தக் கடையில் பங்கீட்டுப் புத்தகத்தையும் பையையும் ஏந்தி வரிசையில் நிற்பது அன்றாட வாழ்வின் பகுதியாயிற்று. அந்தப் பைக்குள் விழும் அரிசியின் விலை எத்துணை அரசியல் வலிமை உடையது என்பதை 1953 காட்டியது. கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஒகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலால் அதிர்ந்தது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

சங்கக்கடையும் குறையற்றதாக இருந்ததில்லை. 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தில் பாண் வாங்க விடியுமுன் வரிசை கட்டியவர்கள் அதன் முகாமையாளரின் கடுஞ்சொல்லையும் சேர்த்தே வாங்கினர். எனினும் புத்தளம் மாவட்டத்திற்கு அக்கடை மற்றொரு நினைவையும் தருகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். கற்பிட்டிக் குடாநாட்டின் முகாம்களில் கிடுகுக் குடிசைகளில் வாழ்ந்த அவர்கள் ஆண்டுக்கணக்காக உலர் உணவுப் பங்கீட்டுக்காகக் கூட்டுறவுக் கடைகளில் வரிசையில் நின்றனர். சொந்தக் கடைகளை வைத்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர். நேற்றுவரை பிறருக்குப் பொதி கட்டிக் கொடுத்தவர் இன்று வெறும் பையோடு நின்றார். பையேந்தி நிற்பவரின் மானம் என்ன என்பதை அறிய விரும்புவோர் அந்த வரிசைகளை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நிற்க. உலகக் கடைத்தெருவை மாற்றியமைத்த புரட்சி அமெரிக்காவில் நடந்தது. 1916 செப்டெம்பரில் மெம்பிஸ் நகரில் கிளாரென்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்தார். அதுவரை அங்கும் சிப்பந்திகளே பொருளை எடுத்துக் கொடுத்துவந்தனர். சாண்டர்ஸ் அவர்களை அகற்றிவிட்டு, வாங்குபவர் கையிலேயே கூடையைக் கொடுத்தார். உட்செல்ல ஒரு வழி, எல்லாத் தட்டுகளையும் சுற்றிவர ஒரு பாதை, முடிவிற் காசு மேசை. இந்த அமைப்புக்கு 1917இற் காப்புரிமையும் பெற்றார். பொருள் மலிந்தது உண்மை. ஆனால் தேடுவது, எடுப்பது, சுமப்பது ஆகிய உழைப்பெல்லாம் கூலியின்றி வாங்குபவரிடம் மாறியது. கூடை கனத்தபோது வாங்குவது குறைந்தது. அதற்கும் ஒரு வழி பிறந்தது. 1937இல் ஒக்லஹோமா நகரின் கடையுரிமையாளர் சில்வன் கோல்ட்மன் சில்லுவண்டியைப் புகுத்தினார். குழந்தைவண்டி தள்ளிச் சலித்த பெண்களும், கூடை தூக்க இயலாதவர் என்று எண்ணப்படுவோமோ எனக் கூசிய ஆண்களும் முதலில் அதைத் தொட மறுத்தனர். வண்டி தள்ளி நடிப்பதற்கென ஆள் அமர்த்தித்தான் அவர் மக்களைப் பழக்கினார்.

தன்சேவைக் கடையில் ஒரே ஒரு பணிவிடை மட்டும் எஞ்சியது: வாசலிற் பை நிரப்பிக் கொடுப்பது. அந்தப் பைக்கும் ஒரு வரலாறு உண்டு. தட்டையான அடியோடு நிமிர்ந்து நிற்கும் காகிதப் பையைச் செய்யும் பொறியை ஆக்கியவர் மார்கரெட் நைட் என்ற தொழிலாளிப் பெண். இளமையிற் பருத்தியாலையிலும் பின்னர் காகிதப்பைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர். அவருடைய பொறியைப் பார்த்துத் தன்னதாகப் பதிவு செய்துகொண்ட ஓர் ஆணுக்கு எதிராக வழக்காடி வென்று, 1871இற் காப்புரிமையை மீட்டார். அவருடைய பை மேசையில் நின்றபடியே வாய் திறந்திருக்கும். பாரமானதை அடியிலும் மெலிதானதை மேலும் அடுக்கலாம். பை அடுக்குவது ஒரு கைத்திறனாக மதிக்கப்பட்டதற்கு அந்தத் தட்டையான அடியும் ஒரு காரணம்.

அந்தத் திறனைக் குலைத்தது பொலித்தீன். சுவீடனின் செலோபிளாஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாவ் துலின் வடிவமைத்த இரட்டைக் கைப்பிடிப் பை 1965இற் காப்புரிமை பெற்றது. 1982 அளவில் அமெரிக்காவின் பெருங்கடைத் தொடர்கள் அதற்கு மாறத் தொடங்கின. காகிதத்தைவிட மலிவு, இடமும் அடைக்காது. ஆயின் அது நிற்காது. பொருள்கள் ஒன்றன்மேலொன்று சரியும். முட்டை அடியில் அகப்படும். நாம் ஊழியரின் கவனக்குறைவு என்று வைகின்ற பல விபத்துகள் உண்மையிற் பையின் மலிவால் விளைந்தவை. 1974 யூனில் ஒஹாயோ மாநிலத்துக் கடையொன்றிற் கோட்டுக்குறி வருடி முதன்முறை ஒலித்தபின் மேசையின் வேகமும் மாறியது. கணக்கிடும் பொறி ஓட, அடுக்கும் கை பின்தங்கியது. இன்று காசு மேசையில் நாம் காணும் அவசரம், பொறியின் வேகத்துக்கு மனிதக் கை கொடுக்கும் வரியாகும்.

இலங்கையில் முதலாவது நவீன பேரங்காடியைக் கார்கில்ஸ் நிறுவனம் 1983இற் கொழும்பிற் திறந்தது. 1977இன் திறந்த பொருளாதாரம் அதற்குக் களம் அமைத்திருந்தது. அதே 1983இன் யூலையிற் கொழும்பிலே தமிழர் கடைகள் எரிக்கப்பட்டு, முதலாளியும் சிப்பந்தியும் ஒருங்கே அகதிகளாயினர் என்பதையும் அந்நகரத்துக் கடைகளின் வரலாற்றை எழுதுபவர் குறிக்காமல் விட முடியாது. பின்னர் பேரங்காடிகள் மாவட்ட நகரங்களுக்கும் பரவின. வாடிக்கையாளர் தொடாமலே பை நிரம்பும் வழக்கமும் அவற்றோடு பரவியது.

இந்த வழக்கம் எங்கும் ஒன்றாயில்லை. ஜெர்மனியின் மலிவுக் கடைகளிற் காசாளர் அமர்ந்தபடி பொருளை வேகமாகத் தள்ள, வாங்குபவரே அள்ளிக்கொள்வார். 1997இல் அந்நாட்டில் நுழைந்த வோல்மார்ட், அமெரிக்க முறைப்படி பை நிரப்ப ஆள் வைத்தபோது, தம் உணவுப் பொருளைப் பிறர் தொடுவதைப் பலர் விரும்பவில்லை; 2006இல் அந்நிறுவனம் அங்கிருந்து வெளியேறியது; அதன் தோல்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. மெக்சிக்கோவிலோ பை நிரப்பியவர்கள் நெடுங்காலம் சிறுவர். ‘தீக்குச்சிகள்’ என்பது அவர்களுக்கு வழங்கிய செல்லப்பெயர். பின்னர் அவ்விடத்திற்கு முதியோர் வந்தனர். இரு சாராருக்கும் கடை சம்பளம் கொடுக்கவில்லை. வாடிக்கையாளர் இடும் சில்லறையே வருமானம். 2020இற் பெருந்தொற்று வந்ததும் முதியோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பல கடைகளில் அவர்களுக்கு மீண்டும் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்க இராணுவத்தினருக்கான கடைகளிலும் பை நிரப்புவோர் அன்பளிப்புக் காசையே நம்பியிருப்பவர்கள். கடைக்குள், கடையின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, கடைக்காக உழைப்பவர் கடையின் ஊழியர் அல்லர்! ‘பணிவிடை’ என்ற மெல்லிய சொல்லுக்குள் எத்தகைய சுரண்டல் ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நம் பக்கம் பை நிரப்புபவர் பெரும்பாலும் இளைஞரும் இளம்பெண்களுமே. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 45 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. அது தொழிலாளர் இயக்கத்தின் காலத்திற் கிடைத்த பேறு. ஆனால் அந்த 8 மணியையும் நின்றே கழிப்பதா? இங்கிலாந்திற் பெண் சிப்பந்திகள் மூவருக்கு ஓர் இருக்கை வேண்டுமெனச் சட்டம் வந்தது 1899இல். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடிய பின்னர், 2018இல் உட்காரும் உரிமை சட்டத்தில் ஏறியது. தமிழ்நாட்டில் 2021இல் அத்தகைய திருத்தம் வந்தது. மனிதர் உட்காரலாம் என்பதைச் சட்டம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்த நூற்றாண்டு நம்முடையது. இத்தகைய கால்வலியோடு நிற்பவரிடம் நாம் புன்னகையையும் எதிர்பார்க்கிறோம். புன்னகை இல்லையேல் முகாமையாளரை அழைக்கிறோம்.

பையின் கதை வாசலோடு முடிவதில்லை. அது முடியும் இடம் எங்கள் மாவட்டம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கு மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. அவ்வாண்டு செப்டெம்பர் முதல் மெல்லிய மளிகைப் பைகளுக்கும் உணவு சுற்றும் தாள்களுக்கும் தடை வந்தது. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கு 2007இலேயே தடை விதிக்கப்பட்டிருந்தும் நிலைமை அவ்வாறு முற்றியிருந்தது. தலைநகரின் கழிவுக்குத் தெரிவு செய்யப்பட்ட இடம் வில்பத்துக் காட்டை அடுத்த அறுவைக்காடு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்கள். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சுண்ணக்கல்லைக் கொடுத்தவர்களுக்குக் குப்பை கிடைத்தது. 2018இலும் 2019இலும் புத்தளம் மக்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், கறுப்புடை அணிந்தும் வீதியில் அமர்ந்தும் கொழும்புவரை சென்றும் எதிர்ப்புத் தெரிவித்தனர், திட்டம் நிற்கவில்லை.

கடலும் தன் பங்கைப் பெற்றது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பாற் தீப்பற்றி, யூன் மாதம் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் சிதறி, மேற்குக் கரையோரம் வெண்மணல் போல் ஒதுங்கின. பைகளும் போத்தல்களும் செய்வதற்கான மூலப்பொருள் அது. மீனவர் வலையை மடித்து வைக்க நேர்ந்தது. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. ‘இலவசப் பை’ என்பது எக்காலத்திலும் இருந்ததில்லை. விலையை மேசையிற் கேட்கவில்லை. கரையிலும் காட்டோரத்திலும் வேறொருவரிடம் வசூலித்தார்கள்.

2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து இலங்கையில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது; விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், பற்றுச்சீட்டிற் காட்ட வேண்டும் என்பது விதி. நோக்கம் நன்று. ஆனால் அதன் முதல் அடி விழுந்த இடம் எது? காசு மேசையின் பின்னால் நிற்கும் பெண்பிள்ளையின் காது. விதியை அவள் எழுதவில்லை. பையின் விலையில் ஒரு சதமும் அவளுக்கில்லை. ஏச்சு மட்டும் அவளுக்கு. பைகளை உற்பத்தி செய்து பெருக்கியோர் அந்த மேசைப் பக்கம் வருவதேயில்லை. பை விற்ற பணம் கழிவகற்றலுக்குச் செல்லுமா, கடையின் இலாபத்தோடு கலக்குமா என்று கேட்பதே வாங்குபவரின் நியாயமான கேள்வி. அதை அவளிடமன்றி, அதிகாரமுள்ளோரிடம் கேட்க வேண்டும்.

தமிழகத்தில் 2019 தொடக்கத்திலிருந்து ஒருமுறைப் பயன் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை உண்டு. 2021 டிசெம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு நகரத்தில் இறங்கியவரைப் பட்டிக்காட்டான் என்று நகைத்தார்கள். அந்த நகைப்பும் பொலித்தீனுக்கு வழிதிறந்த காரணங்களுள் ஒன்று. உழைக்கும் மக்களின் பழக்கத்தை இழிவாக்கி, அது மறைந்ததும் மலிவுப் பொருளை விற்று, நாசம் முற்றியபின் அதே பழக்கத்தை அரசு விளம்பரத்தோடு திருப்பிக் கொடுப்பது நாகரிகத்தின் விந்தைகளுள் ஒன்று.

இனி, மேசையில் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது? உமலோ துணிப்பையோ வீட்டிலிருந்து வரட்டும். பாரமான பேணியும் போத்தலும் முதலில், பாணும் முட்டையும் இறுதியில் என்ற ஒழுங்கிற் பொருளை மேசையிலேயே வைத்தால் பை தானாக ஒழுங்காகும். சவர்க்காரத்தைத் தனியே ஒதுக்குவது நம் கைக்கும் எட்டிய வேலை. வருடி ஒலிக்கும்போதே நாமும் அடுக்கத் தொடங்கலாம். முதியவருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் கடை கட்டாயம் உதவ வேண்டும். அதற்குப் போதிய ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். ‘தங்கச்சி’, ‘தம்பி’ என்ற சொற்கள் நம்மிடம் உண்டு. ஏவுவதற்கன்றி விளிப்பதற்கு அவற்றைப் பயன்படுத்துவோம்.

ஆனால் மரியாதையோடு நின்றுவிட்டால் அது அறிவுரை மட்டுமே. நாமே நம் பையை நிரப்புகிறோம் என்பதைக் காரணமாக்கி அந்த ஊழியரின் வேலையைப் பறிக்க இடங்கொடுக்கலாகாது. ஆளில்லாக் காசு மேசைகள் உலகெங்கும் பெருகும் காலம் இது. வட இங்கிலாந்தின் பூத்ஸ் கடைத்தொடர் 2023இல் அவற்றிற் பெரும்பாலானவற்றை அகற்றி மனிதரை மீண்டும் அமர்த்தியது. வாடிக்கையாளர் கேட்டதனாலேயே அது நடந்தது. கேட்டால் நடக்கும் என்பதற்கு அது ஒரு சிறு சான்று. ஓர் இருக்கை, ஓய்வுவேளை, நெரிசல் நேரத்திற் கூடுதல் ஆள் ஆகியவற்றை ஊழியர் கோரும்போது, வரிசையில் நிற்பவர்களும் சேர்ந்து கோரினால், வரிசையும் குறுகும்.

மேசைக்கு இப்புறம் நிற்கும் ஆசிரியரும் மீனவரும், அப்புறம் நிற்கும் இளம்பெண்ணும் ஒரே அரிசியை ஒரே விலைக்கு வாங்கி உண்பவர்கள். அவர்களுக்கிடையே ஒரு பையைத் தூக்கிப் போட்டு, யார் நிரப்புவது என்று சண்டையிட விட்டிருக்கிறது இன்றைய வணிகம். முட்டையை மேலே வைக்கப் பழகுவது எளிது. சினத்தை உரிய இடத்தில் வைக்கப் பழகுவதே நம் வகுப்பறைகளிலும் வாசகர் வட்டங்களிலும் இனிச் செய்யவேண்டிய வேலை.